மின்தடையின்போது வீட்டு பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வாடைக்காற்று தொடங்கும் பருவத்தில், தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள கடலோர ஊர்களில் இன்வெர்ட்டர் வாங்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது எவ்வளவு நேரம் தாங்கும்?" என்பதுதான். "நாலு மணி நேரம் தாராளமாக ஓடும்" என்பது போன்ற பதில் வரும். அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தெந்தப் பொருள்களை ஓட்டினால் நாலு மணி நேரம் என்பது அதில் இல்லை. ஒரே பேட்டரி ஒரு வீட்டில் இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். அடுத்த வீட்டில் விடிய விடிய விசிறியைச் சுழற்றும். எனவே பேட்டரியின் அளவை முடிவு செய்வதற்கு முன், தடையின்போது எதை ஓட்டப் போகிறோம் என்பதை எண்ணிக்கையாக எழுதிவிட வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்தக் கணக்கைச் சார்ந்தவையே.

முதல் படி: எந்த மின்தடைக்காக வாங்குகிறீர்கள்?

இந்தக் கரையில் மின்தடை மூன்று விதமாக வருகிறது. முதலாவது, மாலையிலோ இரவிலோ அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை வந்து போவது. இரண்டாவது, துணைமின் நிலையப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்துக் காலை 9 மணி அளவில் நிறுத்தி, பிற்பகலிலோ மாலையிலோ திரும்பத் தருவது. மூன்றாவது, புயலும் பெருமழையும் கொண்டுவருவது.

மூன்றாவதன் நீளத்தை யாராலும் சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்த பிறகும், மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்று மழையைக் கொட்டியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்ததால் டெல்டாக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் மின்சாரத்துக்குக் காத்திருந்தன. அப்படிப்பட்ட தடையை முழுமையாகத் தாங்கும் பேட்டரியை நடுத்தரக் குடும்பம் வாங்க முயல்வது வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டு வகைகளுக்குப் போதுமான அளவில் வாங்கி, மூன்றாவது வந்தால் அதே பேட்டரியை எப்படிச் சிக்கனமாக நீட்டுவது என்று முன்பே தீர்மானித்து வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

இரண்டாம் படி: வீட்டின் மின்தேவையை அளந்து எழுதுங்கள்

ஒவ்வொரு பொருளும் எத்தனை வாட் என்பது அதன் பின்புறத்திலோ அடியிலோ ஒட்டப்பட்டிருக்கும். பொதுவாக, பழைய வகைக் கூரை விசிறி 70 முதல் 80 வாட் வரை எடுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி முழு வேகத்திலும் 30 வாட்டை ஒட்டியே எடுக்கும். எல்இடி பல்பு 9 வாட், எல்இடி டியூப்லைட் 20 வாட். சோக் வைத்த பழைய டியூப்லைட் 50 வாட்டைத் தாண்டும். 32 அங்குல எல்இடி தொலைக்காட்சிக்கு 50 வாட்டும், வைஃபை பெட்டிக்கு 10 வாட்டும் போதும். மிக்ஸி 500 முதல் 750 வாட், இஸ்திரிப் பெட்டி 750 முதல் 1,000 வாட், 1 எச்பி தண்ணீர் மோட்டார் ஏறக்குறைய 1,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை.

பிரிட்ஜைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அது ஓடும்போது 100 முதல் 150 வாட் வரை எடுத்தாலும், விட்டு விட்டு ஓடுவதால் சிறிய ஒற்றைக்கதவுப் பிரிட்ஜ் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1 யூனிட் அல்லது அதற்குக் குறைவாகவே செலவழிக்கும். ஆனால் அதன் கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் ஓட்டத் தேவையைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். இதனால்தான் சிறிய இன்வெர்ட்டர்களில் பிரிட்ஜை இணைத்தவுடன் 'ஓவர்லோடு' என்று நின்றுவிடுகிறது.

ஒட்டுத்தாளில் உள்ள எண்ணை நம்ப முடியாவிட்டால் மின்மீட்டரே அளந்து சொல்லும். டிஜிட்டல் மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் ஒரு சிறு விளக்கு இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3,200 என்று வைத்துக்கொள்வோம். தடையின்போது ஓட்ட நினைக்கும் பொருள்களை மட்டும் போட்டு, மற்றவற்றையும் இன்வெர்ட்டரின் சார்ஜையும் நிறுத்திவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 10 முறை என்றால், மணிக்கு 600 சிமிட்டல். அதை 3,200-ஆல் வகுத்தால் 0.1875 யூனிட், அதாவது ஏறக்குறைய 190 வாட். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

மூன்றாம் படி: பேட்டரியின் பெயரளவையும் பயனளவையும் பிரித்தறியுங்கள்

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி; இது ஈய அமில வகையைச் சேர்ந்தது. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். இந்த முழு அளவும் வீட்டுக்குக் கிடைக்காது. அதற்குக் காரணங்கள் மூன்று.

ஈய அமில பேட்டரியை அடிவரை காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகத் தேயும். எப்போதாவது வரும் தடைக்கு 80 விழுக்காடு வரை இறக்கலாம். அடிக்கடி தடை வரும் ஊரில் 50 விழுக்காட்டோடு நிறுத்துவது நல்லது. அடுத்து, பேட்டரியின் நேர்மின்சாரத்தை (டிசி) வீட்டு மின்சாரமாக (ஏசி) மாற்றும்போது இன்வெர்ட்டரில் 15 விழுக்காடு வரை வெப்பமாக வீணாகிறது. மூன்றாவது காரணத்தைக் கடைக்காரர்கள் அரிதாகவே விளக்குகிறார்கள்: 150 ஏஎச் என்ற எண், பேட்டரியை 20 மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் இறக்கும்போது கிடைப்பது. ஐந்து மணி நேரத்திலேயே இறக்கினால் அதே பேட்டரி அதைவிடக் குறைவாகவே தரும். இரண்டு மணி நேரத்தில் இறக்கினால் இன்னும் குறையும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,800-இல் 80 விழுக்காடு 1,440. அதில் 85 விழுக்காடு 1,224. வேகமாக இறக்கும் இழப்புக்காக இன்னும் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 1,100 வாட்-மணி. புதிய 150 ஏஎச் பேட்டரி ஒன்றிலிருந்து நம்பி எதிர்பார்க்கத்தக்கது இந்த 1.1 யூனிட் மட்டுமே. இந்த எண்ணை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மீதிக் கணக்கு எல்லாம் எளிய வகுத்தல்தான்.

லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் பேட்டரிக்கு வேறு கணக்கு. 12.8 வோல்ட், 100 ஏஎச் கொண்டதன் பெயரளவு 1,280 வாட்-மணி. அதில் 90 விழுக்காடு வரை இறக்கலாம். வேகமாக இறக்கினாலும் அளவு பெரிதாகக் குறையாது. இன்வெர்ட்டர் இழப்பைக் கழித்த பின் 980 வாட்-மணி கிடைக்கும். ஆகவே 100 ஏஎச் லித்தியம், 150 ஏஎச் டியூபுலருக்கு ஏறத்தாழச் சமம். ஏஎச் எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டு விலை பேசுவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

நான்காம் படி: மணி நேரத்தைக் கணக்கிடுங்கள்

தங்கச்சிமடத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரவில் இரண்டு பழைய விசிறிகள் 150 வாட், மூன்று எல்இடி பல்புகள் 27 வாட், வைஃபை 10 வாட், கைபேசி சார்ஜ் 10 வாட். மொத்தம் 197 வாட். இன்வெர்ட்டர் தான் விழித்திருப்பதற்காகவே 15 வாட் வரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தால் 212 வாட். 1,100-ஐ 212-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

இதே வீட்டில் விசிறிகளை மட்டும் பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் மொத்தச் சுமை 122 வாட்டாக இறங்குகிறது. அப்போது ஒன்பது மணி நேரம் கிடைக்கும். மெதுவாக இறங்குவதால் உண்மையில் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். பேட்டரியில் ஒரு ஏஎச்கூடக் கூட்டாமல், இரவின் பாதி என்பது முழு இரவாக மாறுகிறது. இரண்டாவது பேட்டரி வாங்க யோசிப்பவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது விசிறியை மாற்றச் சொல்வதுதான். மின்கட்டணம் குறைவதும் கூடுதல் பயன். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் நம் கட்டண முறையில், நாளெல்லாம் விசிறி சுழலும் கடலோர வீட்டுக்கு அந்தச் சேமிப்பு கண்ணுக்குத் தெரியும்.

நோயாளிகள் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கைத் தள்ளிப்போடவே கூடாது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கருவி 350 வாட்டை ஒட்டி எடுக்கும். மேலே சொன்ன பேட்டரியில் அது தனியாக ஓடினாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. ராமேஸ்வரம் தீவிலோ மண்டபம் பக்கத்திலோ புயல் நாளில் சாலை அடைபட்டால் அந்த இரண்டரை மணி நேரம் போதாது. அத்தகைய வீட்டில் சிலிண்டர் ஒன்று நிரப்பி வைத்திருப்பது பேட்டரியைவிட முதன்மையானது. நெபுலைசர் சில நிமிடங்களே ஓடுவதால் கவலைக்குரியதல்ல. இன்சுலின் வைத்திருப்பவர்கள், மூடியே வைத்த பிரிட்ஜ் ஏறக்குறைய நாலு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும் என்பதை நினைவில் வைத்து, தடையின்போது கதவைத் திறக்காமல் இருந்தாலே பெரும்பாலான தடைகளைக் கடந்துவிடலாம்.

ஐந்தாம் படி: ஒரு நாள் முழுதும் வேண்டும் என்றால்

இப்போது 51.2 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் பேட்டரிகள் வீடுகளுக்கு வந்துவிட்டன. பெயரளவு 5.1 யூனிட்; பயனளவு ஏறக்குறைய 4.1 யூனிட். இதில் பிரிட்ஜையும் சேர்த்து ஒரு நாளை நடத்திப் பார்ப்போம். பிரிட்ஜுக்கு 1,000 வாட்-மணி, இரண்டு பிஎல்டிசி விசிறிகள் 16 மணி நேரத்துக்கு 960, நாலு பல்புகள் 6 மணி நேரத்துக்கு 216, தொலைக்காட்சி 3 மணி நேரத்துக்கு 150, வைஃபை நாள் முழுதும் 240, கைபேசிகளுக்கு 60. இவற்றின் கூட்டுத்தொகை 2,626. பெரிய இன்வெர்ட்டர் தன் தேவைக்காக 40 வாட் எடுத்தால், 24 மணி நேரத்தில் அதுவே 960 ஆகிறது. ஆக மொத்தம் 3,586 வாட்-மணி என்பதால், 4.1 யூனிட் ஒரு நாளுக்கும் சற்று மேலாக, ஏறக்குறைய 27 மணி நேரம் தாங்கும்.

இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்காகச் செலவாகும் மின்சாரம், பிரிட்ஜின் செலவுக்கு ஏறத்தாழச் சமமாக நிற்பதைக் கவனியுங்கள். வாங்கும்போது சுமையில்லாத நிலையில் எத்தனை வாட் எடுக்கும் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். நீண்ட தடையின்போது, வீட்டில் யாருக்கும் விசிறி தேவைப்படாத சில மணி நேரங்களில் இன்வெர்ட்டரையே அணைத்து வைத்தால் அந்தச் செலவு அப்படியே மிஞ்சும்.

தண்ணீர் மோட்டார் பற்றி ஒரு சொல். நம் கரையில் பல ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால், குழாயிலோ லாரியிலோ வரும் நீரைத் தரைத்தொட்டியில் நிரப்பி மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம். இருபது நிமிடம் ஓடும் 1 எச்பி மோட்டாருக்கு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கே போதும். ஆனால் அது தொடங்கும்போது இழுக்கும் மின்சாரம் ஓட்டத்தைவிட ஐந்தாறு மடங்கு. அந்த ஒரு நொடிக்காக மிகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்குவதைவிட, மின்சாரம் இருக்கும்போதே தொட்டியை நிரப்பி வைப்பது மேல். அது முடியாத வீட்டில் அரை எச்பி மோட்டாரைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டரின் விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைச் சொல்லாது. ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தூக்கும் என்பதை மட்டுமே சொல்லும். 900 விஏ என்றால் ஏறக்குறைய 700 வாட். விசிறியும் பிரிட்ஜும் ஓடும் வீட்டில், மின்வாரிய மின்சாரத்தைப் போலச் சீரான அலையைத் தரும் சைன் வேவ் வகையையே வாங்குங்கள். சதுர அலை வகையில் மோட்டார்கள் இரைந்து, சூடாகி, கூடுதல் மின்சாரத்தையும் எடுக்கும்.

ஆறாம் படி: வெப்பமும் உப்புக்காற்றும் தின்னும் பங்கைக் கழியுங்கள்

மேலே போட்ட கணக்கெல்லாம் புதிய பேட்டரிக்கானது. ஈய அமில பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை வைத்துக் கணிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொது விதி. சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், மேற்கு வெயில் படும் அறையில் பேட்டரியை வைத்திருப்பவர், வாங்கிய மூன்றாம் ஆண்டிலேயே ஐந்து மணி நேரம் இரண்டரையாகச் சுருங்குவதைக் காண்பார். வடக்குச் சுவரை ஒட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில், தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி வையுங்கள். உயரம் மழைநீருக்காக. காற்றோட்டம் எதற்கென்றால், சார்ஜ் ஆகும்போது ஈய அமில பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். படுக்கையறையும், சாமி விளக்கு எரியும் இடமும், அடுப்பருகும் அதற்கு ஏற்றவை அல்ல.

உப்புக்காற்று எவ்வளவு கொடியது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிவகைப் பூச்சையும் பயன்படுத்த வேண்டியிருந்ததே இந்தக் காற்றுக்காகத்தான். பேட்டரி முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூக்கும் படிவு மின்சாரம் பாய்வதைத் தடுத்து, முனையைச் சூடாக்கி, சார்ஜ் ஏறுவதையும் குறைக்கும். மாதம் ஒருமுறை இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, முனைகளை வெந்நீரும் சோடா உப்பும் கொண்டு துடைத்து, நன்றாக உலர்த்தி, இறுக்கி, வாசலின் தடவுங்கள்.

பேட்டரிக்கு ஊற்றும் நீர் கடையில் விற்கும் வடித்த நீராக மட்டுமே இருக்க வேண்டும். நம் ஊர்க் கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்பு தகடுகளை அரித்துவிடும். குடிக்கும் கேன் தண்ணீரும் ஆகாது. லித்தியம் பேட்டரிக்கு நீர் தேவையில்லை என்றாலும் அதுவும் வெப்பத்தை விரும்புவதில்லை. 45 டிகிரிக்கு மேல் அதன் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடக்கூடும்.

ஏழாம் படி: சூரிய மின்தகடு இருந்தால்

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியபின், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் பல வீடுகளின் மாடியில் தகடுகள் ஏறியுள்ளன. கமுதியில் மிகப் பெரிய சூரிய மின்நிலையம் அமைந்திருக்கும் மாவட்டத்துக்கு வெயிலில் குறையில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்: பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, மின்தடை வந்த நொடியில் தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காகவே அது அப்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. உச்சி வெயிலிலும் வீடு இருட்டாகவே இருக்கும். தடையின்போதும் தகடு உதவ வேண்டுமானால், தகடு, பேட்டரி, மின்வாரியக் கம்பி மூன்றையும் இணைத்து ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை.

தெளிந்த நாளில் 1 கிலோவாட் தகடு 4 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். புயல் மூட்டம் போட்ட நாளில் 1 யூனிட்கூடக் கிடைக்காமல் போகலாம். நீண்ட தடை வருவதும் அந்த நாள்களில்தான். எனவே புயல் கணக்கில் 3 கிலோவாட் தகட்டுக்கு நாளொன்றுக்கு 2 யூனிட் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் கண்ட வீட்டில், வைஃபையையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி, இன்வெர்ட்டரை எட்டு மணி நேரம் அணைத்து வைத்தால் நாள் தேவை 2.9 யூனிட்டாக இறங்கும். 2 யூனிட் வெயிலிலிருந்து வந்தால், பேட்டரியிலிருந்து நாளுக்கு 0.9 யூனிட் மட்டுமே குறையும். 27 மணி நேரம் என்றிருந்தது நாலு நாளாக நீளும்.

எட்டாம் படி: மழைக்காலத்துக்கு முன் சோதியுங்கள்

ஆண்டுதோறும் புரட்டாசியில், முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியை ஒரு மாலையில் சோதித்துப் பாருங்கள். இன்வெர்ட்டருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வழக்கமான இரவுச் சுமையை மட்டும் ஓட்டி, எச்சரிக்கை ஒலி எழும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து, அந்தத் தாளைப் பேட்டரிக்கு மேலேயே ஒட்டி வையுங்கள். வாங்கிய ஆண்டில் ஐந்து மணி நேரம் ஓடியது மூன்றாகக் குறைந்திருந்தால், அடுத்த புயலுக்கு மூன்றைத்தான் நம்ப வேண்டும். இரண்டுக்குக் கீழே போயிருந்தால் ஐப்பசிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

வானிலை அறிக்கையோடு பாம்பன் துறைமுகத்துப் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் கவனியுங்கள். கூண்டு ஏறிய செய்தி வந்ததும் மேல்தொட்டி, கைபேசிகள், அவசர விளக்குகள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, பிரிட்ஜின் குளிரைக் கூட்டி, உறைபெட்டியில் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்குங்கள். மின்சாரம் போனதும் முதல் மணி நேரத்திலேயே சிக்கனத்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு என்று தெரியாத தடையில், தொடக்கத்தில் தொலைக்காட்சிக்குக் கொடுத்த மின்சாரத்தை மூன்றாம் இரவில் விசிறிக்குத் திரும்ப வாங்க முடியாது.

மின்சாரம் திரும்பியபின், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி வழக்கமான வீட்டு இன்வெர்ட்டரில் முழுதாக நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு மணி நேரம் வந்துவிட்டு மீண்டும் தடைபட்டால், கையில் இருப்பது ஐந்து மணி நேரமல்ல, ஒரு மணி நேரமே. அந்த இடைவெளியில் முதலில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏற்றுங்கள். பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே கைபேசிகளையும் செருகிவிடுங்கள். அடுத்த தடைக்கு அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.